கையளவு தாளில் நம் குன்றுகள்

பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தான் என்றதும் மலேசியர்கள் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 1911-இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைதான். ஒருவரை ஏளனம் செய்ய வேண்டுமென்றால் இந்த ஊரின் பெயரைச் சொன்னால் போதும் என்ற பழக்கம் தலைமுறை தலைமுறையாக நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊருக்குள் நின்று சுற்றிப் பார்ப்பவருக்குத் தெரிவதோ வேறு. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், தம்பூன் பக்கம் திரும்பினால் செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகள், விடியலில் அவற்றின் இடுப்பைச் சுற்றி நிற்கும் மூடுபனி. இந்த நிலத்தை வரைவதற்கென்றே பிறந்தது போன்ற ஒரு கருவி நம் பக்கத்து வீட்டில் இருக்கிறது. அது சீனத் தூரிகை. கிந்தா பள்ளத்தாக்கின் தமிழ்ப் பிள்ளைகள் அதைப் பிடிக்கப் பழகி, தங்கள் ஊரையும் தாத்தா பாட்டி வாழ்ந்த ரப்பர்த் தோட்டத்தையும் கையளவு தாள்களில் வரைய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அந்தக் கலையின் இயல்பைப் பார்ப்போம். தூரிகை, மைக்கட்டி, மைக்கல், தாள் ஆகிய நான்கையும் எழுத்தறையின் நான்கு செல்வங்கள் என்று சீன மரபு சொல்லும். புகைக்கரியை விலங்குப் பசையோடு பிசைந்து உலர்த்தினால் மைக்கட்டி. கோயிலில் சந்தனம் உரைப்பதுபோல் அதைக் கல்லில் நீர்விட்டு உரைத்தால் மை. நீரைக் கூட்டியும் குறைத்தும் ஒரே கருமையிலிருந்து ஐந்து நிறம் எடுக்கலாம் என்பது ஓவியர்களின் கணக்கு. மரப்பட்டையும் வைக்கோலும் சேர்ந்த கூழிலிருந்து செய்யப்படும் சுவான் தாள் மையைத் தொட்டவுடன் குடித்துவிடும். அழிப்பதற்கோ மேலே பூசி மறைப்பதற்கோ வழியில்லை. ஆகவே வரைபவர் தூரிகையை வைக்கும் முன்பே பார்த்து முடித்திருக்க வேண்டும். எதை விடுவது என்பதையும் முடிவு செய்திருக்க வேண்டும். தாளில் மை படாத இடம்தான் மூடுபனியாகவும் ஆறாகவும் வானமாகவும் ஆகிறது. இதற்குப் பெரிய பரப்பு தேவையில்லை. சொங் அரசமரபின் காலத்திலேயே விசிறிகளிலும் ஏடுகளிலும் கையகலத்துக்குள் மலையையும் பறவையையும் வரைந்து தேர்ந்தார்கள். ஒரு பள்ளி மேசையில் அடங்குகிற, ஒரு பாடவேளையில் முடிகிற, கெட்டுப்போனாலும் அடுத்த தாளை எடுத்துக்கொள்ள முடிகிற கலை இது. பழகுவதற்குப் புட்டி மையும் மலிவான தாளுமே போதும்.

உடனே எழும் கேள்வி, இது சீனர்களின் கலையாயிற்றே, நமக்கு எதற்கு என்பதுதான். கலையின் வரலாறு இந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. நவீன சீன ஓவியத்தின் பெரிய பெயர்களுள் ஒருவரான ஷு பெய்ஹோங், தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதனுக்கு வந்தவர். மலையைப் பெயர்க்க முனைந்த முதியவரைப் பற்றிய தம் புகழ்பெற்ற ஓவியத்தை அவர் 1940-இல் இந்தியாவில்தான் வரைந்தார். அதிலுள்ள உருவங்கள் சிலவற்றுக்கு இந்தியர்களே மாதிரியாக நின்றார்கள். அடுத்த ஆண்டு சீனாவின் போர் நிவாரணத்துக்காக அவர் மலாயாவில் கண்காட்சிகள் நடத்தியபோது, ஈப்போவுக்கும் வந்தார். 1938-இல் சிங்கப்பூரில் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகத்தைச் சுற்றித் திரண்ட ஓவியர்கள், சீன மையையும் ஐரோப்பிய முறையையும் கொண்டு இங்குள்ள மீன்பிடி ஊர்களையும் சந்தைகளையும் வரைந்தார்கள். அவர்களுள் ஒருவரான சென் வென் சி, வாலில்லாக் குரங்குகளை வீட்டுத் தோட்டத்திலேயே வளர்த்து, நாள்தோறும் பார்த்து வரைந்தவர். அந்தக் குரங்குகள் இன்று சிங்கப்பூரின் ஐம்பது வெள்ளித் தாளில் இருக்கின்றன. தூரிகை ஊர்விட்டு ஊர் வந்தது. வந்த இடத்து மண்ணை வரைந்த பிறகே அது இங்கே வேர்விட்டது.

நம் கலை மறந்துபோகும் என்று அஞ்சுவோருக்கும் ஒரு விளக்கம் தேவை. வண்ணம் தீட்டாத கோட்டோவியத்துக்குப் ‘புனையா ஓவியம்’ என்ற சொல் நெடுநல்வாடையிலேயே உண்டு. வண்ணமின்றி வடிவம் காட்டுவது நமக்குப் பழைய அறிவு. தமிழ்நாட்டில் ஓவியர் ஆதிமூலம் கறுப்பு மையில் வரைந்த காந்தியும் மன்னர்களும் இலக்கிய இதழ்களின் வழியே வீடுகளுக்குள் வந்தார்கள்; கோடு மட்டுமே ஒரு மனிதரைச் சுமக்கும் என்பதை ஒரு தலைமுறை வாசகர்கள் அவரிடம் கண்டார்கள். வாசலில் கோலமிடும் பெண்ணின் விரல் புள்ளிகளுக்கிடையே தயங்காமல் வளைந்து திரும்புவதும் இதே பயிற்சிதான். தோட்டத்தில் பால்வெட்டியவர்களின் கைக்கும் இது அந்நியமில்லை. உளியைச் சாய்த்துப் பட்டையில் ஒரே சரிவில் கோடு இழுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரம் காயப்படும். அழுத்தம் அறிந்த கை, திருத்த முடியாத கோடு என்ற இரண்டும் அந்த மரத்தடியில் இருந்தன. சீனத் தூரிகை இவற்றில் எதையும் நம்மிடமிருந்து பறிக்காது. நாம் ஏற்கெனவே அறிந்ததற்கு இன்னொரு கருவியைக் கையில் கொடுக்கும், அவ்வளவே.

இந்தக் கருவி நமக்கு இப்போது வேண்டியிருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தொழிலாளர் வரிசை வீடுகளான லயமும், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களமும், பால் நிறுத்த கொட்டகையும் இருந்த இடங்களை இன்றைய பிள்ளைகளுக்குக் கைகாட்டக்கூட முடிவதில்லை. காண்டாவாளி, மங்கு, ஒட்டுப்பால் போன்ற சொற்கள் பாட்டிகளின் பேச்சோடு போய்க்கொண்டிருக்கின்றன. குன்றுகளும் கல்லுடைப்பில் கரைகின்றன. இதே பேராக்கில் கோப்பெங் அருகே 1951-இல் பிறந்த கேலிச்சித்திர ஓவியர் லாட், கறுப்புக் கோட்டால் என்ன செய்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1979-இல் வந்த அவருடைய ‘கம்போங் பாய்’ நூல், ஈயக்கப்பலின் அருகே வளர்ந்த ஒரு மலாய்ச் சிறுவனின் ஊரை உலகமே அறியச் செய்தது. தோட்டத்து லயத்துக்கு அப்படி ஓர் ஓவியப் புத்தகம், நான் அறிந்தவரை, இன்னும் வாய்க்கவில்லை. எளிய பொருள் ஓவியத்துக்குத் தகுமா என்று தயங்க வேண்டியதில்லை. 1864-இல் ஹுனானின் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்து, தச்சுத் தொழில் செய்து வளர்ந்த சி பைஷி, இறாலையும் முட்டைக்கோசையும் உழவுக் கருவிகளையும் வரைந்தே சீனத்தின் மதிப்புக்குரிய ஓவியரானார். அவருக்கு விறகு வாரும் வாரி பொருளாக இருந்ததென்றால், நமக்குப் பால்வாளி ஏன் ஆகக்கூடாது?

இதையெல்லாம் கைப்பேசியில் படம் பிடித்துவிடலாமே என்பது அடுத்த எதிர்வாதம். பிடிக்க வேண்டியதுதான், ஆவணத்துக்குப் புகைப்படம் தேவை. ஆனால் இல்லாமல் போனதை எந்தக் கருவியும் படம் பிடிக்காது. இடிந்த லயத்தை இன்று காண வேண்டுமென்றால் அங்கே வாழ்ந்த ஒருவரைக் கேட்க வேண்டும். கதவு எந்தப் பக்கம் இருந்தது, அடுப்பு எங்கே, தண்ணீர்க் குழாயடியில் யார் யார் நிற்பார்கள் என்று பேரப்பிள்ளை கேட்டால்தான் வரைய முடியும். அந்தக் கேள்விகளே பாதிப் பயன். மீதிப் பயன் கண்ணுக்கு. ஒரு ரம்புத்தான் குலையைப் பத்துக் கோட்டுக்குள் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிட்டால், அது வரை கவனியாத மயிர்த்தோலின் வளைவு அப்போதுதான் தெரியும்.

இன்னொரு ஆட்சேபத்தை நான் மிகவும் மதிக்கிறேன். சீனத் தூரிகைக் கலை ஆண்டுக்கணக்கான பயிற்சி கேட்பது. மூங்கில் ஒன்றை ஒழுங்காக வரையவே வாழ்நாள் போதாது என்பார்கள். ஓரிரு பட்டறைகளில் அதைக் கற்றுக்கொடுத்துவிட்டதாகச் சொல்வது அந்தக் கலையை அவமதிப்பதாகாதா? ஆகும், நாம் அவசரப்பட்டால். அதனால்தான் இதை முறையாகத் தொடங்க வேண்டும். தூரிகையை நிமிர்த்திப் பிடிப்பது, மையை உரைப்பது, மூங்கிலையும் ஆர்க்கிட் இலையையும் பார்த்து வரைவது என்ற அடிப்படையை அறிந்த ஆசிரியரிடமே பிள்ளைகள் பழக வேண்டும். எங்கிருந்து கற்றோம் என்பதைச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். அண்டை இனத்தின் கலையை அதன் ஆசிரியரின் காலடியில் அமர்ந்து கற்பதைவிடப் பெரிய மரியாதை அந்தக் கலைக்கு இருக்க முடியாது. ஈப்போவில் குனோங் சீரோ குன்றடியில் கல்லுமலை சுப்பிரமணியர் இருக்கிறார். அதே சுண்ணாம்புக் கல்லின் இன்னொரு குகையில், சுவரோவியங்களோடு 1926-இல் தொடங்கிய பேராக் தோங் கோயில் இருக்கிறது. இவ்வளவு அருகில் வாழும் நாம் ஒருவர் கலையை ஒருவர் எட்ட நின்று பார்த்தது போதும்.

கட்டாயம் மட்டும் கூடாது. 2019-இல் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடநூலில் காட் எனும் ஜாவி எழுத்துக்கலையைச் சேர்க்கும் அறிவிப்பு வந்தபோது, தமிழ், சீனப் பள்ளித் தரப்புகளில் எழுந்த எதிர்ப்பை நாம் மறந்திருக்க முடியாது. அழகான கலைகூட மேலிருந்து திணிக்கப்பட்டால் ஐயத்தைத்தான் வளர்க்கும். எனவே இது பெற்றோரின் சம்மதத்தோடு, பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்னெடுக்கும் வாரம் ஒரு மணி நேர இணைப்பாட வகுப்பாக இருக்கட்டும். தேர்வு இருக்கிறதே என்ற பழைய தடையும் தொடக்கப்பள்ளியில் தளர்ந்துவிட்டது, யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் கைவிடப்பட்டது. இதனால் வேலை கிடைக்குமா என்று கேட்கும் பெற்றோருக்கு, கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பொறுமையாகப் பார்ப்பதும் யோசித்துக் கையை வைப்பதும் எந்த வேலைக்கும் உதவும் குணங்கள் என்று மட்டும் சொல்வேன்.

செய்யக்கூடியது எளிது. அருகிலுள்ள சீனப் பள்ளியில் தூரிகை எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியரை அழைக்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் மாதம் ஒரு சிற்றோவியம் என்று ஆண்டுக்குப் பன்னிரண்டு வரையலாம். பள்ளி விடுமுறையில் அவற்றைக் கோயில் மண்டபத்தில் வரிசையாகத் தொங்கவிடலாம். சீன மரபில் ஓவியத்தின் ஓரத்தில் வரைந்தவர் தம் கையெழுத்தில் ஓரிரு வரியும் இடத்தின் பெயரும் எழுதி முத்திரை இடுவார். படமும் எழுத்தும் அங்கே ஒரே தூரிகையின் வேலை. நம் பிள்ளைகள் அந்த இடத்தில் தமிழில் எழுதட்டும். குன்றையும் அதன் இடுப்பிலுள்ள பனியையும் வரைந்த தாளின் மூலையில், சுழித்து வளையும் நம் எழுத்துகளில், தஞ்சோங் ரம்புத்தான் என்று ஒரு பத்து வயதுக் கை எழுதட்டும். ஏளனத்துக்குப் பழகிப்போன அந்தப் பெயர், அந்தத் தாளில் ஓர் ஊரின் பெயராக மட்டுமே இருக்கும்.