காலணாவில் தெரியும் மனிதர்

பாத்திரம் கஞ்சன், கோபக்காரன், தங்கமானவன் என்று ஆசிரியரே முந்திக்கொண்டு சான்றிதழ் கொடுத்துவிடும் கதைகளை என்னால் தொடர்ந்து படிக்க முடிவதில்லை. ஆளைப் பார்க்கவிடாமல் எழுதியவர் குறுக்கே நிற்கிறார். புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எப்படித் தொடங்குகிறது பாருங்கள். சென்னை பிராட்வே முனையில் நின்று பிள்ளை மனக்கணக்குப் போடுகிறார். டிராம் வண்டியா, பஸ்ஸா? ஒன்றில் மிஞ்சும் காலணாவுக்கு வெற்றிலை பாக்கு. மற்றதில் கண்டக்டரைக் கொஞ்சம் ஏய்த்தால் அரைக் கப் காப்பி. அவருடைய வரும்படி, நாக்கு, நேர்மை எதுவரை நீளும் என்பது எல்லாம் இதிலேயே வந்துவிடுகின்றன. இப்போது பலரும் இவ்வளவையும் காட்டப் பாத்திரத்தின் பால்யத்தைப் பக்கம் பக்கமாக விவரிக்கிறார்கள். காலணாவை நம்பும் துணிச்சல் குறைந்துவிட்டது என்பது என் வருத்தம். கடவுளே வழி கேட்டு எதிரில் வந்த பிறகும் பிள்ளையின் கணக்குப் புத்தி மாறுவதில்லை. வரம் கேட்க வேண்டிய இடத்தில், தாம் நடத்தும் சித்த வைத்தியப் பத்திரிகைக்கு 25 ரூபாய் ஆயுள் சந்தா கேட்கிறார். பேராசை என்றோ அப்பாவித்தனம் என்றோ ஆசிரியர் தீர்ப்பு எழுதுவதில்லை. யாருடைய ஆயுள் என்ற சந்தேகம் கடவுளுக்குத்தான் வருகிறது.