கிராமத்திற்குக் கண்ணாடி இழை வடம்: கம்பத்தின் மேலா, நிலத்தின் கீழா?

ஜனங்கள் பைபர் கேபிள் என்று வழங்கும் கண்ணாடி இழை வடம் இப்பொழுது நம் கிராமங்களின் எல்லைக்குள் வந்துகொண்டிருக்கிறது. 2011-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் அநுமதித்து, பின்னர் பாரத்நெட் எனப் பெயரிட்ட திட்டத்தின்படி, தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இவ்வடத்தால் இணைக்க ஏற்பாடாயிற்று. இதில் பெரும்பகுதி கம்பங்களின் மேலும், சிறுபகுதி நிலத்தின் கீழும் கொண்டு செல்லத் திட்டமிடப்பட்டது. ஊராட்சி அலுவலகம் வரையில் வந்த வடத்தை அங்கிருந்து தெருவுக்கும், வீட்டுக்கும், வயல் நடுவிலுள்ள பம்பு செட்டுக்கும் எம்முறையில் கொண்டுபோவது என்பதே இனி நம்மவர் தீர்மானிக்க வேண்டிய விஷயம். விளைபொருளின் விலையை உழவன் செயலியில் அறிவதும், 2016-இல் ஏற்பட்ட மின்னணு தேசிய வேளாண் சந்தையில் சரக்கை விற்பதும், பட்டா, சிட்டா நகல் பெறுவதும் தடையின்றி நடைபெறுவது இக்கடைசிப் பகுதியைப் பொறுத்தே இருக்கின்றது.

முதலில் செலவின் தன்மையை அறிந்துகொள்ளுதல் நலம். கண்ணாடி இழையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கேயாம். அதன் விலை சொற்பம். செலவின் பெரும்பகுதி பள்ளம் தோண்டுவதிலும், சாலையை உடைத்து மறுபடி செப்பனிடுவதிலுமே போகின்றது. கிணறு வெட்டுகிறவனுக்குக் கயிற்றின் விலை ஒரு பொருட்டன்று, வெட்டுக்கூலியே பொருட்டு. இதுவும் அவ்வாறே.

வழக்கத்திலுள்ள முறைகள் மூன்று. முதலாவது, மின்கம்பங்களில் வடத்தைத் தொங்கவிடுவது. இதற்குச் செலவு மிகக் குறைவு. வேலையும் விரைவில் முடியும். புதிதாக ஒரு வீடு எழும்பினால் அருகிலுள்ள கம்பத்திலிருந்து ஒரு கிளை இழுத்தால் போதும். ஆனால் 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தபோது கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்ததை டெல்டா ஜில்லாக்காரர் மறந்திருக்கமாட்டார்கள். கம்பம் சாய்ந்தால் அதன்மேல் ஏறிய வடமும் சாயும். செய்தி மிகவும் தேவைப்படும் நாளிலேயே செய்தி அற்றுப்போகும்.

இரண்டாவது, வடத்தை நேராக மண்ணில் புதைப்பது. புயலுக்கு இது அஞ்சாது. எனினும் பிற்காலத்தில் இழை போதாமற் போனால் மறுபடியும் பள்ளம் தோண்ட வேண்டும். ஒருமுறை செய்த செலவை மீண்டும் செய்யும்படி நேரிடும்.

மூன்றாவது, முதலில் பிளாஸ்டிக் குழாயைப் புதைத்துவிட்டு, வேண்டும்போது அழுத்தமான காற்றினால் வடத்தை அதனுள் செலுத்துவது. தொடக்கத்தில் குழாயின் விலை கூடுதலாகும். ஆயினும் பழைய வடத்தை உருவிவிட்டுப் புதியதைச் செலுத்தலாம். பக்கத்தில் வெறுங்குழாய் ஒன்று இருந்தால் இரண்டாவது வடத்திற்கும் தோண்ட வேண்டியதில்லை. வருங்காலத் தேவைக்கு வளைந்துகொடுக்கும் குணம் இதற்கே அதிகம்.

மேலும், ஓர் இழையை மின்சாரம் வேண்டாத பிரிப்பான் மூலம் 32 வீடுகளுக்குப் பங்கிடலாம். சாதாரணமாக 20 கிலோமீட்டர் தூரம் வரையில் இது பயன்படும். வாய்க்காலில் மதகு எங்கே வைப்பது என்பதைப் போன்றதே பிரிப்பானை எங்கே வைப்பது என்பதும். குடியிருப்பின் அருகே வைத்தால் இழை மிச்சம். ஆனால் பின்னர் மாற்றுவது கடினம். ஊராட்சி அலுவலகத்திலேயே வைத்தால் இழை அதிகம் செல்லும். ஆனால் எவ்வீட்டுக்கும் எவ்வித மாறுதலும் எளிதிற் செய்யலாம்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, எங்கும் ஒரே முறையைக் கையாளுதல் தவறென்பது எமது அபிப்பிராயம். ஊராட்சியிலிருந்து குடியிருப்புகளுக்குச் செல்லும் தாய்வடம், விசேஷமாகக் கடலோர ஜில்லாக்களில், குழாய்க்குள் நிலத்தின் கீழ் செல்ல வேண்டும். தனித்தனியே சிதறியுள்ள வயல் வீடுகளுக்குக் கம்பமே போதும். அங்கே அறுந்தால் ஒரு வீட்டுக்கே நஷ்டம், ஊருக்கன்று.

செலவு தாங்காது என்பார்க்கு விடை ஒன்றுண்டு. இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியின் கிராமத்தார் 2011-இல் கூட்டுறவு முறையில் சங்கமொன்று நிறுவி, சாலையை உடைக்காமல் வயல்களின் வழியே குழாய் பதித்தனர். நிலமுடையோர் வழியை இனாமாகக் கொடுத்தார்கள். பலர் தாமே பள்ளமும் தோண்டினார்கள். தார்ச்சாலையைத் தொடாததால் செலவு வெகுவாகக் குறைந்தது. நம் ஊர்களில் வண்டிப்பாதையும் வாய்க்கால் கரையும் இதற்கு ஏற்ற இடங்கள்.

வயலுக்குக் கெடுதி உண்டாகுமோ என்று அஞ்சுகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும். நம் நாட்டில் நிலத்தடி வடத்துக்குக் குறித்த ஆழம் பொதுவாக 1.65 மீட்டர். உளிக் கலப்பை சுமார் 45 சென்டிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. ஆகையால் உழவினால் வடத்திற்கோ, வடத்தினால் உழவுக்கோ தீங்கில்லை. பண்ணைக்குட்டை வெட்டும் மண்வாரி இயந்திரமே வடத்துக்குச் சத்துரு. ஆழம் குறைத்துப் புதைக்க ஒப்பந்தக்காரர் முயன்றால், பள்ளத்தை மூடுமுன் அளந்து பார்க்க நிலக்காரர் மறக்கலாகாது. 2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டமும், தனியார் நிலத்தில் வடம் போடுவோர் நிலமுடையாருடன் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டுமென்றே கூறுகின்றது. அதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்க.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் கடமை உண்டு. குடிநீர்க் குழாய்க்கோ, வடிகாலுக்கோ, சாலைக்கோ தோண்டும்போதெல்லாம் ஒரு வெறுங்குழாயையும் கூடவே போட்டுவிடச் செய்ய வேண்டும். வடம் செல்லும் வழியைச் சர்வே எண்ணுடன் குறித்து, அக்குறிப்பை ஊராட்சியிலும் கிராம நிர்வாக அலுவலரிடத்தும் வைக்க வேண்டும். தோண்டுமுன் அறிவிப்பதற்கென 2023-இல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய செயலியும் உண்டு. ஆயினும் ஊரிலுள்ள குறிப்பு சரியாயிராவிட்டால் எச்செயலியும் உதவாது.

இன்று மலிவென்று எண்ணிச் செய்த வேலை நாளை இருமடங்கு செலவாகக் கூடும். பள்ளம் ஒருமுறை தோண்டப்படும். அதனால் வரும் பயனோ நம் மக்கள் காலத்துக்கும் நீடிக்கும். இதைக் கருதி அடுத்த கிராம சபையிலேயே இவ்விஷயத்தை ஆலோசித்து, ஊருக்குத் தகுந்த வழியைத் தீர்மானித்துக்கொள்ளுமாறு குடியானவர்களையும் உத்தியோகஸ்தர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.