மால்பே பீச்சும் மூக்கைப் பொத்தின நானும்

பெங்களூருல பொட்டி தட்டுற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு மூணு நாள் லீவு சேர்ந்தாப்புல வந்தா கை கால் ஓடாது. போன டிசம்பர்ல அப்படி ஒரு லீவு. அக்கா குடும்பத்தையும் கூட்டிக்கிட்டு உடுப்பிக்கு ஒரு ட்ரிப் அடிச்சோம். முதல்ல கிருஷ்ணர் கோயில், அப்புறம் மசால் தோசை, சாயந்திரம் அங்கேர்ந்து ஆறு கிலோமீட்டர்ல இருக்கிற மால்பே பீச். திட்டம் பக்கா.

பீச்சைப் பத்தி குறையே சொல்ல முடியாது. அகலமான மணல், டிசம்பர்ல சாதுவான அலை. குழந்தைங்க கரையோரமா ஆட்டம் போட்டாங்க. தங்கமணி சுடிதார் நனைஞ்சதைப் பத்திக் கூட கவலைப்படல. 2016-லயே இலவச வைஃபை குடுத்து பேப்பர்ல பேர் வாங்கின பீச் இது. (கடலுக்கு வந்து வைஃபை தேடுறவன் யாருன்னு கேக்காதீங்க, எங்க டீம்லயே நாலு பேர் இருக்கான் :-))

எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தது. ஆறு மணி வாக்குல காத்து திசை மாறுச்சு. மீன் வாடை. கூடவே டீசல் வாடை. பக்கத்துலயே மால்பே மீன்பிடித் துறைமுகம், கர்நாடகாவோட பெரிய துறைமுகங்கள்ல ஒண்ணு. அத்தான் கர்ச்சீப்பை எடுத்து மூக்குல வச்சாரு. நான் ஒரு படி மேல போயி போனை எடுத்து, "நல்ல பீச், ஆனா பக்கத்துல துறைமுகம், நாத்தம் தாங்கல, ஃபேமிலிக்கு ஏத்தது இல்ல"ன்னு ரெண்டு ஸ்டார் குத்திட்டேன். ஏதோ சமூக சேவை பண்ணின திருப்தி வேற.

மறுநாள் காலைல அக்கா பொண்ணு ஒரே அடம். ஆறு வயசு வாண்டு. "மாமா, நேத்து தூரத்துல தெரிஞ்சுதே, கொடி கட்டின போட்டு, அதைப் பாக்கணும்." மத்தவங்க தூங்கிட்டிருந்தாங்க. சரின்னு நான் மட்டும் கூட்டிட்டுப் போனேன்.

உள்ள நுழைஞ்சா அது வேற உலகம். ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டு விசைப்படகுங்க. ஐஸை உடைக்கிற மெஷின் சத்தம், ஏலம் கூவுற சத்தம். கூடை கூடையா மீனு. பேரம் பேசுற பொம்பளைங்க முன்னாடி நம்ம மேனேஜர் எல்லாம் ஒண்ணுமே இல்ல. இவ "மாமா இது என்ன மீனு"ன்னு கேக்க, நான் திருதிருன்னு முழிக்க, வலையைத் தைச்சிக்கிட்டிருந்த ஒருத்தர் நிமிர்ந்து, "மக்களே, அது அயிலை. இங்க பங்குடேம்பாவ"ன்னாரு. தமிழ்! குளச்சல் பக்கமாம். மத்திக்கு அவங்க ஊர்ல சாளை, இங்க பூத்தாய்னு அடுத்த பாடமும் நடந்துச்சு. "பிள்ளைய ஓரத்துல விடாதீங்க சார், வழுக்கும்"னு எனக்கும் ஒரு அட்வைஸ்.

வாண்டு சும்மா இருக்காம, "அங்கிள், நீங்க டெய்லி பீச்சுல விளையாடுவீங்களா?"ன்னு கேட்டுச்சு. அவர் சிரிச்சிட்டாரு. "ஒரு தடவை போனா பத்து நாளு கடல்ல. கரைக்கு வந்தா ரெண்டு நாளு, அது உறங்கவே காணாது. ஏழு வருசமா இங்க வாறேன் மக்களே, அந்த பீச்சுல ஒரு நாளு இருந்தது கெடையாது."

பீச் அங்கேர்ந்து கண்ணுக்கெட்டுற தூரம்தான். எனக்கு பாக்கெட்ல இருந்த போன் சுட்டது மாதிரி இருந்துச்சு.

இங்கேர்ந்து 2018 டிசம்பர் 13-ஆம் தேதி கிளம்பின 'சுவர்ண திரிபுஜா'ங்கற படகு, அதுல போன ஏழு மீனவர்களோட காணாமப் போச்சு. அடுத்த மே மாசம்தான் மகாராஷ்டிரா கரைக்கு அப்பால கடலடியில அதோட உடைஞ்ச பாகங்களைக் கடற்படை கண்டுபிடிச்சது. அந்த அஞ்சு மாசமும் அந்த ஏழு வீட்டுல எப்படி இருந்திருக்கும்? நான் காலை நனைக்கிற அதே தண்ணிதான் அவங்களுக்கு ஆபீஸ். என் ஆபீஸ்ல சர்வர் படுத்தா ஒரு மெயிலோட போயிடும்.

இன்னொண்ணு. முதல் நாள் பயபக்தியோட கும்பிட்ட உடுப்பி கிருஷ்ணர் கதை என்ன? துவாரகையிலேர்ந்து வந்த கப்பல் மால்பே பக்கம் புயல்ல மாட்டிக்கிட்டு, மத்வாச்சாரியார் அதைக் கரை சேர்த்து, அதுலேர்ந்த கோபிசந்தனக் கட்டிக்குள்ள சிலை கிடைச்சதுன்னுதானே சொல்றாங்க. சாமியே படகுல வந்திருக்காரு, நமக்கு மட்டும் படகு வாடை ஆகாதாம்!

நம்ம சென்னை மட்டும் என்ன வாழுதாம்? 2023 ஏப்ரல்ல லூப் ரோட்டுல மீன் கடைகள் டிராஃபிக்குக்கு இடைஞ்சல்னு ஹைகோர்ட் வரைக்கும் போயி, கடைகளை அகற்றி, மீனவர்கள் ரோட்டுல உக்காந்து போராடினாங்க. அடுத்த வருஷம் தனியா மீன் அங்காடி கட்டிக் குடுத்தாங்க, சரிதான். ஆனா ரோடு வர்றதுக்கு முன்னாடியே அங்க இருந்தது குப்பமும் கட்டுமரமும்தான். கடைசியா காரோட வந்த நாமதான் 'இடைஞ்சல்'னு முதல்ல சொல்றோம்.

துறைமுகம்னா எப்படி வேணா அசுத்தமா இருக்கலாம்னு நான் சொல்ல வரல. எண்ணெய்க் கழிவு தண்ணில கலக்கக் கூடாது, ஒழுங்கான சாக்கடையும் கழிவறையும் வேணும். அங்க வேலை பாக்கறவங்களுக்கும் அதானே நல்லது? கேட்டா அதைக் கேப்போம். அழுக்கு வேற, வேலையோட வாடை வேற. ரெண்டையும் ஒண்ணாக்கி "இதை இங்கேர்ந்து தூக்குங்க"ன்னு சொல்றதுதான் தப்பு. தவிர, மணல்ல சிப்ஸ் பாக்கெட்டைப் போட்டுட்டுப் போறது மீன்காரங்க இல்ல, நாமதான்.

அதனால மக்கா, மால்பே போனா துறைமுகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. காலைல போங்க. வண்டி தள்றவங்க வழில நிக்காதீங்க, கேக்காம போட்டோ எடுக்காதீங்க, குழந்தை கையை விடாதீங்க. ஜூன், ஜூலை போகாதீங்க, மீன்பிடித் தடைக்காலம், கடலும் மழையில கொந்தளிப்பா இருக்கும்.

ரூமுக்கு வந்ததும் முதல் வேலையா அந்த ரெண்டு ஸ்டாரை அழிச்சேன். புதுசா அஞ்சு ஸ்டார் போட்டு இப்படி எழுதினேன்: "குழந்தைகளோட போக அருமையான பீச். பக்கத்துலயே துறைமுகம் இருக்கு, கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க."

மதியம் சாப்பாட்டுல பங்குடே வறுவல். அத்தான் நாலு துண்டு உள்ள தள்ளினாரு. கர்ச்சீப் எங்க போச்சுன்னு தெரியல :-)