கேள்வி யாருக்குச் சொந்தம்?

சொற்கள் தாமாகவே தேய்கின்றன, தாமாகவே இழிபொருள் பெறுகின்றன என்று கூறும் மொழியாராய்ச்சியாளர் சிலர் உளர். நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' என்ற எமது சொல் இன்று துர்நாற்றத்தைக் குறிப்பதைக் காட்டி, எல்லாச் சொற்களுக்கும் இது இயல்பே என்பர். 'இழிபொருட்பேறு' என்று அதற்கொரு பெயரிட்டு அமைதியடைவர். அவர்களைப் போல நாமும் அமைதியடைய இயலாத சொல் ஒன்றுண்டு. 'இன்குவிசீத்தோர்' என்னும் இலத்தீன் சொல்லே அது.

தேடுதல், கேட்டல் ஆகிய இரு பொருளையும் கொண்ட 'குவைரெரே' என்ற வினையிலிருந்து பிறந்தது இச்சொல். துருவித் தேடுபவன், ஆராய்பவன் என்பதே அதன் நேர்ப்பொருள். கி.பி. முதலாம் நூற்றாண்டில் நிலநடுக்கத்தின் காரணங்களை ஆராய்ந்து எழுதிய செனெக்கா, ஸ்திராட்டோ என்னும் கிரேக்க அறிஞரை இயற்கையின் 'இன்குவிசீத்தோர்' எனக் குறிப்பிடுகின்றார். இயற்கையின் இரகசியத்தைத் தேடிய விஞ்ஞானிக்கும், பிற்காலத்தில் விஞ்ஞானியை மண்டியிடச் செய்த மதநீதிபதிக்கும் ஒரே பெயர்! இதனைக் காலத்தின் விளையாட்டு என்று தள்ளிவிடலாமா?

ஆகாது என்பதே எமது முடிபு. சொல்லை இழிவுபடுத்தியது காலமன்று. கேள்வி கேட்கும் உரிமையை ஒரு சாராரின் தனியுடைமையாக்கிய அதிகாரமே. அவ்வுடைமையின் தடயங்கள் உரோமிலேயே காணப்படுகின்றன.

கி.மு. 70இல், சிசிலி மாகாணத்தைச் சூறையாடிய ஆளுநன் வெர்ரெஸ் மீது சிசெரோ வழக்குத் தொடுத்தார். சான்று திரட்ட 110 நாள் தவணை பெற்ற அவர், 50 நாளிலேயே சிசிலி முழுவதும் அலைந்து, உழவரையும் நகரத்தாரையும் உசாவி, கணக்கேடுகளைத் திரட்டித் திரும்பினார். வெர்ரெசின் தரப்பாரோ தந்திரம் ஒன்று செய்தனர். அக்காயா மாகாணத்து முறைகேடுகளை விசாரிக்கவென வேறொருவனை ஏவி, சிசெரோ கேட்டதிலும் இரண்டு நாள் குறைந்த தவணையைக் கேட்கச் செய்தனர். அவ்வழக்கு முந்தினால் வெர்ரெசின் வழக்குப் பிந்தும். அடுத்த ஆண்டு தமக்கு வேண்டியவர்கள் பதவியேற்றுவிடுவர் என்பதே அவர்தம் கணக்கு. அந்த அக்காய 'இன்குவிசீத்தோர்' கப்பலேறும் துறையாகிய புருண்டீசியத்தைக்கூட எட்டவில்லை என்று சிசெரோ எள்ளி நகையாடினார். உண்மையை வெளிக்கொணர அன்று, அதனைத் தாமதிக்கவே அமைக்கப்படும் விசாரணைக் குழுக்கள் எமது நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் இதனை அறிதல் நன்று.

பேரரசு தோன்றியபின் இச்சொல் கரையோரத்துக்கும் வந்தது. பேரரசன் தொமித்தியனின் ஆட்சியைக் கிண்டல் செய்யும் யுவெனாலின் நான்காம் அங்கதப் பாடலில், அங்கோனாவுக்கருகே ஒரு செம்படவன் மிகப்பெரிய மீனொன்றைப் பிடிக்கின்றான். அதனை விற்க அவனுக்குத் துணிவில்லை. கரையெங்கும் உளவாளிகள், கடற்பாசியைக் கிளறும் 'இன்குவிசீத்தோர்'கள். அரசனின் குளத்திலிருந்து தப்பிய மீன் இது என்று அவர்கள் வாதாடினால், ஒட்டுத்துணியுமில்லாத அவ்வேழை யாரிடம் முறையிடுவான்? மீனைத் தானே கொண்டுபோய் அரசனிடம் காணிக்கையாக்குகின்றான். ஆளுநனின் கொள்ளையைத் தேடப் பிறந்த சொல், உழைப்பவனின் வலையைச் சோதிக்கும் சொல்லாயிற்று.

இதே வேரிற் பிறந்த 'குவைஸ்தியோ' என்ற சொல்லையும் நோக்குவோம். கேள்வி, நீதிமன்ற விசாரணை, சித்திரவதை ஆகிய மூன்றையும் அது குறித்தது. அடிமையின் சாட்சியம் சித்திரவதையின் கீழ்ப் பெறப்பட்டாலன்றிப் பொதுவாகச் செல்லாது என்பது உரோமச் சட்ட மரபு. சுதந்திரனுக்குக் கேள்வியாக இருந்தது அடிமைக்குச் சித்திரவதையாக இருந்தது. ஒரு சொல்லின் பொருளை அகராதி மட்டுமன்றி, வர்க்கமும் தீர்மானிக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மத்தியகாலத் திருச்சபை இச்சொல்லை வெற்றிடத்திலிருந்து எடுக்கவில்லை; உரோமச் சட்டத்தின் ஆயுதசாலையிலிருந்தே எடுத்தது. 1231இல் ஒன்பதாம் கிறகரிப் பாப்பரசர் மதவிரோதிகளைத் தேடும் பணிக்குத் தனி விசாரணையாளரை நியமிக்கத் தொடங்கினார். 1252இல் நான்காம் இன்னொசென்ற் சித்திரவதைக்கு அனுமதி வழங்கினார். தேடுபவன், குற்றஞ்சாட்டுபவன், தீர்ப்பளிப்பவன் மூவரும் ஒருவரேயாயினர். சாட்சிகளின் பெயர் மறைக்கப்பட்டது. குற்றவாளியின் சொத்துப் பறிமுதலாயிற்று. இங்கே தேடுவதற்கு என்ன இருந்தது? விடை முன்னரே எழுதப்பட்டிருந்தது. கையொப்பம் மட்டுமே எஞ்சியிருந்தது. அக்கையொப்பத்தின் பெயர்தான் 'ஒப்புதல் வாக்குமூலம்'.

1633 யூன் 22இல் உரோமில், 69 வயதான கலிலியோ மண்டியிட்டுப் பூமியின் இயக்கத்தை மறுத்துரைத்தார். வானத்தைத் தேடியவர் ஒருவர். அவருடைய மனத்தைத் தேடியவர்கள் மற்றவர்கள். முன்னவர் தொலைநோக்கியினூடாகத் தாம் எதிர்பாராததைக் கண்டு அதனை ஏற்றுக்கொண்டார். பின்னவர் எதிர்பார்த்ததைக் கேட்கும்வரை கேள்வியை நிறுத்தவில்லை. செனெக்காவின் பொருளில் கலிலியோவே 'இன்குவிசீத்தோர்'. ஆயினும் பட்டம் எதிரே அமர்ந்திருந்தவர்களிடம் இருந்தது.

எம்மை மறுப்போர் கூறுவது யாதெனில், விசாரணை மன்றங்கள் பற்றிய பழைய கதைகள் மிகைப்பட்டவை. 1998இல் வத்திக்கான் தன் விசாரணை மன்றத்தின் ஆவணங்களைத் திறந்தபின் ஆராய்ச்சியாளர் அளவான சித்திரத்தையே தருகின்றனர் என்பதாம். மிகைக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. 1318 முதல் 1325 வரை பாமியே மேற்றிராணியார் யாக் பூர்னியே எழுதுவித்த பதிவேடு இல்லையேல், மொந்தையூ என்னும் மலைக்கிராமத்து இடையரின் வாழ்வை வரலாறு அறிந்திராது என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம். ஆயின் இது யாருக்குப் பெருமை? அவ்விடையர் பேச விரும்பிப் பேசவில்லை. நுணுக்கமாக எழுதப்பட்ட ஏடு நீதியான கேள்விக்குச் சான்றாகாது. அதிகாரத்தின் காது எவ்வளவு கூரியது என்பதற்கே சான்று.

இதனை ஐரோப்பாவின் கதையென்று வாசித்து மூடிவைக்கவும் இயலாது. 1560இல் கோவாவில் நிறுவப்பட்ட விசாரணை மன்றத்தின் அதிகாரம் போர்த்துக்கேயரின் கீழைத்தேய உடைமைகள் யாவற்றையும் தழுவியது. எமது கரையோரமும் அவற்றுள் ஒன்று. பிற்காலச் சட்டத்தையும் பாருங்கள். பொலிசாரிடம் அளித்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கலாகாது என 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் விதித்தது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தரிடம் அளித்த ஒப்புதலைச் சான்றாக ஏற்க வழிசெய்தது. அவ்வொப்புதலை மறுத்து நிறுவும் சுமையையும் அதனை அளித்தவர் தோளிலேயே ஏற்றிற்று. மூன்றாண்டுகளுக்கெனக் கொணரப்பட்ட அச்சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று.

'விசாரம்' என்பது சிந்தனையைக் குறித்த சொல். நோயாளியின் வீட்டுக்குச் சென்று சுகம் விசாரிப்பது எமது ஊர்வழக்கு. அதே சொல்லைத்தான், நள்ளிரவில் ஒரு வீட்டின் முன் வந்து நின்ற ஜீப்பும் தன் காரணமாகக் கூறிற்று. இலத்தீனுக்கு நேர்ந்த கதி தமிழுக்கும் நேர்ந்திருக்கின்றது. சொல்லின் குற்றமா இது?

எமது மொழியில் 'கேள்' என்பது வினாவுதலையும் செவிமடுத்தலையும் ஒருங்கே குறிக்கும். வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வகுத்தது வினாவுதலைப் பற்றியன்று. செவிவழிக் கல்வியைப் பற்றியே. செவிமடுக்காதவன் கேட்பதில்லை, அதட்டுகின்றான். ஆகவே, எவ்விசாரணையையும் அளக்க எம்மிடம் ஓர் அளவுகோல் உண்டு: கேட்கப்படுபவர் திருப்பிக் கேட்கலாமா? கேட்பவர் தாம் விரும்பாத விடையையும் ஏற்பாரா? இவ்விரண்டும் இல்லாதவிடத்து நடைபெறுவது தேடலன்று.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! விடைத்தாளில் முன்பே எழுதப்பட்ட ஒரே பதிலை மட்டும் கேட்டுப் பழகிய வகுப்பறை, நாளை ஒப்புதல் வாக்குமூலத்தையே உண்மையென நம்பும் பிரசைகளை உருவாக்கும். ஆசிரியர் திருப்பிக் கேட்கப்பட அஞ்சாதிருக்கட்டும். மாணவர் திருப்பிக் கேட்கக் கற்கட்டும். அதிகாரம் பறித்துக்கொண்ட சொல்லை மீட்க வேண்டுமாயின், முதலில் கேள்வியை எல்லோருக்கும் பொதுவுடைமையாக்குவோம்.