செல்போன் தண்ணீரில் விழுந்ததா? பிள்ளையை அடிக்காதீர்கள்!

செல்போன் தண்ணீரில் விழுந்து விட்டது.

குளியல் அறை வாளியில் விழுந்திருக்கலாம். துணி ஊற வைத்த அண்டாவில் விழுந்திருக்கலாம். சட்டைப் பையில் செல்போன் இருப்பதை மறந்து, தொட்டிக்குள் குனிந்து பார்த்தவர்களும் உண்டு!

எங்கே விழுந்தாலும், வீட்டில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். "யார் போட்டது?"

போட்டது பிள்ளை என்றால் முதுகில் நாலு அடி. மனைவி என்றால் வாய்க்கு வந்தபடி திட்டு. போட்டவர் வீட்டுத் தலைவரே என்றால்? பேச்சே கிடையாது! "பழைய போன்தானே" என்று சமாளித்து விடுவார்.

இந்த அடியும் திட்டும்தான் பல செல்போன்களைக் கொல்கின்றன.

எப்படி என்கிறீர்களா?

அடி வாங்கிய பிள்ளை அடுத்த தடவை உண்மையைச் சொல்லாது. ஈரச் செல்போனைப் பாவாடையில் துடைக்கும். பழைய இடத்தில் வைத்து, சார்ஜர் வயரையும் சொருகி விடும். பிறகு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதது போலப் பாடம் படிக்கும்.

செல்போன் செத்துப் போவது அப்போதுதான்!

களிம்பு ஏறும் கதை

தண்ணீர் பட்ட உடனே செல்போன் கெட்டு விடுவது இல்லை. தண்ணீரும் மின்சாரமும் ஒன்று சேரும்போதுதான் வினை.

செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் என்ன ஆகும்? பச்சைக் களிம்பு பிடிக்கும். செல்போனுக்குள் இருக்கும் சிறு பலகையில் தலைமுடி போன்ற மெல்லிய செப்புக் கோடுகள் ஓடுகின்றன. குடத்தில் களிம்பு பிடிக்க நாள் கணக்கு ஆகிறது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் செல்போனுக்கு அவ்வளவு நேரம் தேவை இல்லை.

கவரிங் நகைக்கு முலாம் பூசுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். திரவத்துக்குள் மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். ஒரு பக்கத்து உலோகம் கரைந்து, மறு பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறது. முலாம் பூசும் பட்டறையில் அது தொழில். செல்போனுக்குள் அதே காரியம் நடந்தால் நாசம்! இருக்க வேண்டிய கோடு அறுந்து போகும். சேரக் கூடாத இரண்டு கோடுகள் சேர்ந்து விடும்.

காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. நம் வீட்டுக் குழாயில் வருவது அந்தத் தண்ணீர் அல்ல. அதில் உப்பு இருக்கிறது. சோப்புத் தண்ணீரும் சாம்பாரும் காபியும் அதைவிட மோசம். கடல் தண்ணீரோ எல்லாவற்றையும்விட மோசம்.

முதல் ஐந்து நிமிடம்

ஆகையால், முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவது.

செல்போன் சார்ஜரில் இருக்கும்போது நனைந்ததா? அதைத் தொடாதீர்கள். முதலில் சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். உயிர் போன பிறகு செல்போன் எதற்கு?

பிறகு செல்போனை அணையுங்கள். ஈரத்தில் திரை சொன்னபடி கேட்காது. உலர்ந்த துணியால் திரையைத் துடைத்து விட்டு அணைக்க வேண்டும். அது தானாகவே அணைந்திருந்தால் நல்லது. அப்படியே விட்டு விடுங்கள். "உயிர் இருக்கிறதா பார்ப்போம்" என்று பொத்தானை அழுத்துகிறார்களே, அதுதான் கூடாது! வந்தவர் போனவர் எல்லாம் ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறார்கள். பத்து பேர் அழுத்திய செல்போனை எந்த மெக்கானிக் காப்பாற்றுவார்?

உறையைக் கழற்றுங்கள். சிம் கார்டை வெளியே எடுங்கள். சார்ஜர் சொருகும் துளை கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வையுங்கள். தலைமுடி உலர்த்தும் கருவி வேண்டாம். அடுப்பு ஓரம் வேண்டாம். மொட்டை மாடி வெயிலும் வேண்டாம். உள்ளே இருக்கும் பேட்டரிக்குச் சூடு ஆகாது. பேட்டரி உப்பினாலோ, தானாகச் சூடானாலோ, பிள்ளைகளை அதன் பக்கத்தில் விடாதீர்கள்.

முன்பு இவ்வளவு பாடு இல்லை. 2003-ம் ஆண்டில் நோக்கியா 1100 என்ற செல்போன் வந்தது. டார்ச் விளக்கு வைத்த போன் என்றால் எல்லோருக்கும் நினைவு வரும். உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. அதன் பின்மூடியை நகத்தால் நெம்பினால், பேட்டரி கையோடு வந்து விடும். இன்றைய செல்போன்களோ பெரும்பாலும் பசை போட்டு ஒட்டியவை. வழவழவென்று அழகாக இருக்கிறது. ஆபத்து நேரத்தில் பேட்டரியைக் கழற்ற வழி இல்லை. வாங்குகிறவன் கேட்ட வசதியா இது?

அரிசிப் பானை வைத்தியம்

செல்போன் நனைந்தது என்று சொன்னவுடன், "அரிசியில் போடு" என்று ஒரு குரல் கேட்கும். அநேகமாக அது அடுத்த வீட்டுக்காரரின் குரல்!

அரிசிப் பானையில் மாங்காயைப் போட்டால் பழுக்கும். உண்மைதான். ஆனால் செல்போன் மாங்காய் அல்லவே!

அரிசி தன் மேல் படும் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சலாம். செல்போனுக்குள், தகட்டுக்கு அடியில் தேங்கி நிற்கும் தண்ணீரை அரிசி எப்படிப் போய் எடுக்கும்? அது எடுக்காதது மட்டும் அல்ல, கொடுக்கவும் செய்கிறது. அரிசித் தூசியும் தவிடும் துளைக்குள் புகுகின்றன. அரிசி மாவும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும்? சுவரொட்டி ஒட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஐபோன் தயாரிக்கும் ஆப்பிள் கம்பெனியே 2024-ம் ஆண்டில் இதைச் சொல்லி விட்டது. ஈரமான ஐபோனை அரிசிப் பையில் வைக்க வேண்டாம், அரிசித் துகள்கள் கெடுதல் செய்யலாம் என்பது அதன் அறிவிப்பு.

"எங்கள் வீட்டில் அரிசியில் வைத்தோம், பிழைத்ததே!" என்று சிலர் சொல்வார்கள். பொய் அல்ல. இரண்டு நாள் யாரும் அதைத் தொடவில்லை. அதனால் பிழைத்தது. அலமாரியில் வைத்திருந்தாலும் பிழைத்திருக்கும். பெயர் மட்டும் அரிசிக்குப் போய் விட்டது!

"தண்ணீர் புகாத" செல்போன்

விளம்பரத்தில் ஒருவர் செல்போனோடு நீச்சல் குளத்தில் குதிக்கிறார். சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார். அதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

பெட்டியின் மேல் ஐ.பி. 67 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். 68 என்றால் அதற்கு மேல். எவ்வளவு என்பதைக் கம்பெனி சொல்லும். இந்தச் சோதனை நடப்பது சோதனைக் கூடத்தில், நல்ல தண்ணீரில், புதுச் செல்போனை வைத்து. நாலு தடவை கீழே விழுந்து, மூலை பெயர்ந்த செல்போனுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

ஆஸ்திரேலியாவில் சாம்சங் கம்பெனி, தன் செல்போன்களைக் கடலிலும் நீச்சல் குளத்திலும் பயன்படுத்துவது போல விளம்பரம் செய்தது. வழக்கு வந்தது. 2022-ம் ஆண்டில் 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது கோர்ட்டு. இத்தாலியில் 2020-ம் ஆண்டில் ஆப்பிள் கம்பெனிக்கு 1 கோடி யூரோ அபராதம். தண்ணீர் தாங்கும் என்று விளம்பரம். தண்ணீரால் கெட்டால் உத்தரவாதம் கிடையாது. இந்த இரட்டை நாக்கைத்தான் இத்தாலியில் கண்டித்தார்கள். நம் ஊரிலும் கேட்க வேண்டிய கேள்விதான் இது.

ஒரு செல்போன், ஒரு குடும்பம்

"ஒரு செல்போனுக்காக இவ்வளவு பேச்சா?" என்று கேட்கலாம்.

இன்று செல்போன் பேசுவதற்கு மட்டுமா? பாங்கிப் பணம் அதில். ஓ.டி.பி. அதில். மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடுவது அதில். பள்ளிக்கூடத் தகவல் அதில். இறந்து போன அம்மாவின் குரல் அதில் மட்டும்தான் இருக்கிறது என்ற வீடுகளும் உண்டு. விலை எட்டாயிரமாக இருக்கலாம். உள்ளே இருப்பதற்கு விலை ஏது?

2015 டிசம்பர் 1-ந் தேதி இரவு அடையாறு பெருகிச் சென்னைக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டி மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் வெள்ளக்காடாயின. அப்படிப்பட்ட இரவில் உதவி கேட்க ஏழைக்கு இருப்பது அந்த ஒரு செல்போன்தான். வெள்ளம் வரும் என்று தெரிந்தால், அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி விடுங்கள். காசு செலவு இல்லாத காரியம்.

செல்போன் நனைந்தாலும் சிம் கார்டு பெரும்பாலும் தப்பி விடும். துடைத்து, நன்றாக உலர்த்தி, வீட்டில் உள்ள வேறு செல்போனில் போட்டால், பழைய எண்ணிலேயே அழைப்பு வரும்.

கடைக்காரரிடம் என்ன சொல்வது?

காற்றில் காய வைப்பது முதலுதவி மட்டுமே. தண்ணீர் உள்ளே போயிருந்தால், அன்றைக்கே பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு போவது நல்லது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு காயாது. அது அங்கேயே படிந்திருக்கும்.

கெட்டிக்கார மெக்கானிக் செல்போனைத் திறந்து, பேட்டரித் தொடர்பை முதலில் துண்டிப்பார். பலகையை வெளியே எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற திரவத்தால் கழுவுவார். அது அழுக்கை எடுத்து விட்டுச் சீக்கிரம் ஆவியாகி விடும். இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "சும்மா இருந்தது, தானாக அணைந்தது" என்று சொல்லிப் பயன் இல்லை. பல செல்போன்களுக்குள் தண்ணீர் பட்டால் சிவப்பாக மாறும் சிறிய ஒட்டுத் தாள் இருக்கிறது. அது காட்டிக் கொடுத்து விடும்! எந்தத் தண்ணீர், எவ்வளவு நேரம், பிறகு சார்ஜ் போட்டீர்களா, இந்த மூன்றும் அவருக்குத் தெரிய வேண்டும். மூன்றுக்கும் பதில் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான். முதுகைத் தடவிக்கொண்டு மூலையில் நிற்கிறதே, அந்தப் பிள்ளை!

செல்போனுக்கு உயிர் வந்து விட்டால், உடனே ஊருக்கெல்லாம் போன் செய்து சொல்ல வேண்டாம். முதலில் படங்களையும், குரல் பதிவுகளையும், எண்களையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். பிழைத்து வந்த செல்போன் பத்து நாள் கழித்துத் திடீரென்று நின்று போவது உண்டு. களிம்பு உள்ளே மெதுவாக ஏறிக்கொண்டே இருந்திருக்கும்.