புகைக்கு வந்த வாழ்வு

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் சிப்காட்டைத் தாண்டும்வரை மூக்கைப் பொத்திக்கொள்வது வழக்கம். நானும் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்த நண்பர் சிரித்தார். ரசாயனம் கற்பிக்கிற பேராசிரியர் அவர்.

"இன்னும் எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் ஸார்? புகையைப் பிடித்து ஸோடா உப்பாக்கிவிட்டான் தூத்துக்குடியில். இனிப் புகை குப்பை இல்லை, சரக்கு! இது தெரியாமல் நெய்வேலியில் சுரங்கம் வேண்டாம் என்கிறார்கள், பாமரர்கள்!"

செய்தி பொய்யில்லை. தூத்துக்குடி அல்கலி ரசாயன ஆலையில், கொதிகலனின் புகையை ஒரு கோபுரத்துக்குள் செலுத்தி, மேலிருந்து ஒரு கரைசலைத் தெளிக்கிறார்கள். கரியமில வாயு கரைசலோடு ஒட்டிக்கொள்ளும். சூடாக்கினால் பிரிந்து வரும். அதோடு உப்பும் அம்மோனியாவும் சேர்ந்தால் ஸோடா உப்பு. சர்க்கார் மானியம் இல்லாமல் ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கும் திட்டம் என்று 2017இல் உலகமே பேசியது. நம் நாட்டு இளைஞர்கள் இருவர் தொடங்கிய கம்பெனியின் வேலை. அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

என் சண்டை அவர்களோடு இல்லை. அவர்கள் கோபுரத்தைக் காட்டி ஏழைகளின் வாயை அடைக்கிறவர்களோடுதான்.

பேராசிரியருக்குத் தெரியாத கணக்கா? பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஒரு கிலோவாவது கரியமில வாயு வெளியேறும். நெய்வேலியின் புதிய அனல் நிலையம் 1,000 மெகாவாட். முழு மூச்சாக ஓடினால் ஒரு நாளைக்கு 2 கோடியே 40 லட்சம் யூனிட். வாயு, 24,000 டன். தூத்துக்குடிக்காரர்கள் வருஷம் முழுவதும் பிடிப்பது இந்த ஒரே நிலையத்தின் இரண்டரை நாள் மூச்சு! மிச்ச நாட்களின் வாயுவையும் ஸோடாவாக்கினால் வாங்குவது யார்? நாடு முழுக்கத் துணி துவைத்தாலும் தீராது.

பிடித்தது பிடிபட்டே இருக்கிறதா என்றால், அதுவுமில்லை. ஸோடா உப்பு கண்ணாடி உலைக்குப் போனால் வாயு மறுபடி வானத்துக்குப் போய்விடும். நெய்வேலியிலேயே 1966இல் யூரியா ஆலை தொடங்கினார்கள். யூரியாவுக்குள்ளும் கரியமில வாயுதான் அடங்கியிருக்கிறது. வயலில் தூவினால் கொஞ்ச நாளில் வெளியே வந்துவிடும். இந்த வித்தை எங்கள் ஜில்லாவுக்குப் பழசு. அந்த ஆலையைப் பிற்பாடு மூடிவிட்டார்கள், சுரங்கத்தை மூடவில்லை.

எல்லா வாயுவையும் பிடித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சுரங்கத்துக்குள் நீர் பீறிடாமலிருக்க இரவு பகலாக நிலத்தடி நீரை இறைக்கிறார்களே, அதை எந்தக் கோபுரம் பிடிக்கும்? 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுவதற்காக, விளைந்துகொண்டிருந்த நெல்லின் மேல் மண்வாரி இயந்திரங்களை இறக்கினார்கள். நிலத்தை எப்போதோ வாங்கிவிட்டோம் என்றது நிர்வாகம். சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். பயிரை அறுக்கும்வரை பொறுக்க முடியவில்லையே! அந்த நெல்லுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது உயர்நீதிமன்றம்.

"அப்படியானால் மின்சாரம் வேண்டாமா?" என்றார் நண்பர்.

வேண்டும். நான் எழுதுவதும் மின்விளக்கின் கீழேதான். அந்த வெளிச்சத்துக்கு யாரோ நிலம் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்: கோபுரம் அவ்வளவு கைகண்ட மருந்தென்றால், முதலில் நெய்வேலியின் புகைபோக்கியில் அதைக் கட்டுங்கள். கரைசலைச் சூடாக்கச் செலவாகும் நீராவி போக எவ்வளவு மின்சாரம் மிஞ்சுகிறது, பிடித்த வாயு எங்கே போகிறது என்பதை வருஷா வருஷம் ஊர்ச் சபையில் படித்துக் காட்டுங்கள். அதுவரை, கட்டாத கோபுரத்தைக் காட்டி இன்னொரு வயலைக் கேட்காதீர்கள்.

புதுச்சத்திரம் வந்தது. நண்பர், "நீங்கள் கதை எழுதுங்கள் ஸார், கணக்கு எங்களுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சிதம்பரம் வரும்வரை அவர் திறக்கவில்லை.