வக்கான்ஸ் எங்களுக்கும்தான்



சென்ற இதழில் இரவு வேலையும் முதுகு நோவும் பற்றி எழுதியிருந்தோம். "எப்ப பார்த்தாலும் அழுகைதானா? ஒருக்கால் சந்தோசமாயும் எழுதுங்கோவன்" என்று ஒரு அக்கா தொலைபேசியில் ஏசினா. சரி அக்கா, இம்முறை சந்தோசம்தான். கடந்த ஓகஸ்டில் நாங்கள் இருவரும் சைக்கிளில் வக்கான்ஸ் போய் வந்தோம்!

சிரிக்காதீர்கள். கேட்ட சனம் எல்லாம் சிரித்து முடிந்துவிட்டது. "ஏன் தம்பி, காசுக் கஷ்டமோ?" என்று ஒரு அண்ணை உண்மையாகவே கவலைப்பட்டார். எம்மவர்க்கு வக்கான்ஸ் என்றால் லண்டனிலோ ஜேர்மனியிலோ சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம். அதுவும் இல்லாவிட்டால், லீவுக் காசையும் வாங்கிக்கொண்டு இன்னோர் இடத்தில் கோப்பை கழுவல். நாங்களும் பத்து வருசம் அப்படித்தான் கழித்தோம். ஏஜென்சிக் கடன் வட்டியோடு இந்த மாசியில்தான் முடிந்தது.

இந்த லீவு பத்திரோன் மனம் இரங்கித் தந்த பிச்சை அல்ல. 1936இல் பிரான்ஸ் முழுவதும் தொழிலாளர் வேலையை நிறுத்தி, தொழிற்சாலைகளுக்குள்ளேயே குந்தியிருந்து போராடினார்கள். அந்த வருசம் ஜூன் மாதம் லியோன் புளும் அரசாங்கம் சம்பளத்துடன் இரண்டு கிழமை லீவைச் சட்டமாக்கியது. அந்தக் கோடையில் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்த தொழிலாளர் பலர். புருசனும் பெண்சாதியுமாக இரட்டைச் சைக்கிளில் ஏறிப் போனவர்களின் படங்கள் இன்றும் இருக்கின்றன. 1982இல் அது ஐந்து கிழமையாகியது. அவர்கள் போராடி எடுத்ததை நாங்கள் கோப்பை கழுவித் தொலைக்கலாமா?

பழைய சைக்கிள் ஒன்று வாங்கினோம், மற்றது இரவல். ரயிலில் ஏற்றி ஓர்லேயான் நகரில் இறங்கினோம். அங்கிருந்து லுவார் ஆற்றங்கரையோடு தூர் நகரம் வரை ஆறு நாள், ஏறக்குறைய 170 கிலோமீற்றர். லுவார்தான் பிரான்சின் மிக நீளமான ஆறு, 1000 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அதன் கரையோடு சுமார் 900 கிலோமீற்றருக்குச் சைக்கிள் பாதை போட்டு, சந்திக்குச் சந்தி பலகையும் நட்டு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அணைக்கட்டின் மேலே சமதரை. பெரிய கப்பல் ஓடாத ஆறு. நடுவில் மணல் திட்டி, திட்டியில் கொக்கு. மறுபக்கம் சூரியகாந்தித் தோட்டம்.

போகிறவர்களுக்கு இரண்டு புத்திமதி. கிராமத்துக் கடைகள் மத்தியானம் பூட்டினால் இரண்டு மணித்தியாலம் திறவா. பாணைக் காலையிலேயே வாங்கி வையுங்கள். தண்ணீர் முடிந்தால் மயானத்துக்குப் போங்கள். அங்கே குழாய் இருக்கும், வெள்ளைக்காரச் சைக்கிள்காரர் எல்லாம் அங்கேதான் போத்தல் நிரப்புகிறார்கள். முதல் நாள் "சுடலைத் தண்ணி குடிக்கிறதோ?" என்று எங்களுக்குள் சண்டை. இரண்டாம் நாள் வெயிலில் சண்டை தீர்ந்தது.

போஜான்சி தாண்டி ரியூப் காற்றுப் போய்விட்டது. இறங்கி ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்க, எங்களைப் போலவே சைக்கிளில் வந்த ஒரு வயதான சோடி நின்றது. "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று ஐயா கேட்டார். "ஸ்ரீலங்கா" என்றோம். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. அவர் விழித்தார். "இல்லையில்லை, இன்று காலை எங்கிருந்து?" நாலு பேரும் சிரித்தோம். அகதி அலுவலகத்தில் எத்தனை தரம் கேட்ட கேள்வி! எந்த வழியால் வந்தாய், எந்தத் திகதி, யாரோடு? அதே கேள்விக்கு "போஜான்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம் என்பது எங்களுக்குப் புதினம்.

சைக்கிள் எங்களுக்குப் புதிதல்ல. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டபோது எங்களில் ஒருவருக்கு ஆறு வயது. அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து, மழைக்குள், நாவற்குழிப் பாலம் கடந்தவர். மற்றவர் 2009இல் முள்ளிவாய்க்காலில் சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்தவர். பிறகு செட்டிக்குளம் முகாமில் மாதக்கணக்கில் கூடாரம். அதனால்தான் வெளிக்கிட முன்னமே ஒரு நிபந்தனை: "எங்கையும் வாறன், ரெண்டுக்குள்ள மட்டும் படுக்கமாட்டன்."

மூன்று இரவு மலிவு அறைகளில் தங்கினோம். ஷம்போர் அரண்மனையை வெளியில் நின்று பார்த்தோம். 1519இல் கட்டத் தொடங்கியது, காட்டைச் சுற்றிய மதில் மட்டும் 32 கிலோமீற்றர்! நாலாம் நாள் அம்புவாஸில் அறை ஒன்றும் இல்லை. ஆற்றின் நடுத் தீவில் கூடாரம் அடிக்கும் இடம் மட்டும் இருந்தது. இரவல் சைக்கிளோடு சிநேகிதன் கட்டிவிட்ட கூடாரம் கிடந்தது. நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தோம். பிறகு நிபந்தனை போட்டவரே எழும்பி முளைக்கம்பியை அடித்தார். இரவு மூன்று தரம் எழும்பி வாசல் மட்டும் போய் வந்தோம். வாசலில் காவல் இல்லை, படலையும் பூட்டு இல்லை. விடியப்புறம் இருவரும் நல்ல நித்திரை.

அடுத்த நாள் ஷேர் ஆற்றின் மேல் பாலம் போலக் கட்டிய ஷெனோன்சோ அரண்மனை. ரிக்கற் விலை எங்களுக்கு அதிகம்தான், ஆனாலும் எடுத்தோம். முதலாம் உலகப்போரில் அங்கே ஆஸ்பத்திரி நடந்தது. 2000க்கு மேற்பட்ட காயக்காரருக்கு வைத்தியம் செய்தார்கள். 1940இல் ஜேர்மனியர் நாட்டைப் பிரித்தபோது அந்த ஆறே எல்லையாகியது. அரண்மனை வாசல் ஜேர்மனியர் பக்கம். ஆற்றைக் கடக்கும் 60 மீற்றர் மண்டபத்தின் மறு கதவு அவர்கள் பிடிக்காத பக்கம். அந்தக் கதவால் ஆட்களைத் தப்ப வைத்தார்கள்.

நாங்கள் அந்த 60 மீற்றரையும் இரண்டு தரம் நடந்தோம். எங்களுக்குக் கதவு திறந்தவர் காசு வாங்கித்தான் திறந்தார், அதைப் பத்து வருசம் கட்டினோம். கதவு வரை வர முடியாமல் போனவர்களின் பெயர்களை அன்றிரவு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் அதே மெசின், அதே சத்தம். சாப்பாட்டு நேரத்தில் கால் கறுத்திருப்பதைக் காட்டினோம். சிரித்தவர்களில் இருவர் பாதைப் படம் கேட்டிருக்கிறார்கள்.

உறவுகளே, கடன் உள்ளவர்களின் நிலை எங்களுக்குத் தெரியும். ஆனாலும் லீவில் ஒரு கிழமையை உங்களுக்கென்று எடுத்து வையுங்கள். கூடாரம் எங்களிடம்தான் இருக்கிறது, கேட்டால் தருவோம். சிநேகிதன் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்த இதழில் சந்திப்போம்.